எந்தத் தேடலுக்கு எந்தக் கட்டளை?

தேடுபொறியில் சொற்களை மட்டும் இட்டால், அவற்றில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம், எதற்கு இணையான சொல்லைச் சேர்க்கலாம் என்பதைப் பொறியே ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகத்துக்கு எல்லை வகுப்பவை தேடல் கட்டளைகள். தேடும் பொருளைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது எது என்பதே எந்தக் கட்டளை வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. சொற்றொடர் தெரியலாம், இருக்கும் தளம் தெரியலாம், கோப்பின் வகையோ வெளியான காலமோ தெரியலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு.

சொல்லாக இடும் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை எழுதும் முறை ஒன்றே. சைட், ஃபைல்டைப், இன்டைட்டில் போன்ற கட்டளைச் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, உடனே முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் அடுத்த சொல்லைத் தொடர வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் கட்டளை வேலை செய்யாமல் போகலாம். தேடும் சொல் தமிழில் இருக்கலாம்.

மேற்கோள் குறியா, வெர்பேட்டிமா?

இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்ட சொற்களை, அதே வரிசையில் அதே வடிவில் உள்ள பக்கங்களில் மட்டும் கூகுள் தேடும். நூலின் பெயர், சட்டப் பிரிவின் வாசகம், செய்தித் தலைப்பு ஆகியவை அப்படியே நினைவில் இருந்தால் இதற்கு நிகர் வேறில்லை. நினைவு அரைகுறையாக இருந்தால் இதுவே தடையாகும்.

தமிழில் கூடுதல் கவனம் தேவை. “தமிழ்ப் பல்கலைக்கழகம்” என்று ஒற்று மிகுத்துத் தேடினால், ஒற்றில்லாமல் “தமிழ் பல்கலைக்கழகம்” என்று எழுதிய பக்கங்கள் விடுபடலாம். “பல்கலைக்கழகத்தில்” என வேற்றுமை உருபு ஏறிய இடங்களும் அப்படியே. ஆகவே தமிழ்ச் சொற்றொடரை மேற்கோளில் இடும்போது உருபேற்காத, புணர்ச்சி மாற்றமில்லாத பகுதியை மட்டும் இடுவது நல்லது.

சொற்களின் வரிசை தெரியாது, ஆனால் பொறி அவற்றை மாற்றிப் பார்க்கவும் கூடாது என்றால் கூகுளின் ‘டூல்ஸ்’ பகுதியில் உள்ள ‘வெர்பேட்டிம்’ தெரிவு உதவும். எழுத்துத் திருத்தம், இணைச்சொல் சேர்ப்பு போன்றவற்றை அது நிறுத்திவிடும். வரிசையை மட்டும் கட்டாயப்படுத்தாது.

விலக்குவதா, சேர்ப்பதா?

பாரதியார் என்று தேடினால் கவிஞரோடு கோயம்புத்தூரில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகமும் வந்து நிற்கும். பல்கலைக்கழகம் என்ற சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட்டால் அச்சொல் உள்ள பக்கங்கள் விலகும். ஆனால் கவிஞரைப் பற்றிய நல்ல கட்டுரை ஒன்று ஒரே ஒரு வரியில் பல்கலைக்கழகத்தைச் சொல்லியிருந்தால் அதுவும் சேர்ந்து விலகும். மறுபுறம், “பல்கலைக்கழகத்தின்” போன்ற வடிவங்கள் விலகாமலும் தப்பலாம். பாரதியார் என்பதோடு கவிதை, சுதேசமித்திரன், எட்டயபுரம் என ஒரு சொல்லைச் சேர்ப்பது பல நேரங்களில் இதைவிடப் பயன் தரும். வேண்டாதது முடிவுகளை முழுக்க அடைத்துக்கொள்ளும்போது மட்டும் கழித்தல் குறியை எடுக்கலாம்.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வழங்கினால் ‘ஆர்’ கட்டளை உண்டு. இதை மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில் தட்ட வேண்டும். திருச்சி, திருச்சிராப்பள்ளி என்ற இரண்டுக்கும் நடுவே இதை இட்டால் எந்தப் பெயர் உள்ள பக்கமும் வரும். ஒற்று மிகுத்தும் மிகாமலும் எழுதிய இரண்டு சொற்றொடர்களைத் தனித்தனி மேற்கோளில் இட்டு நடுவே இதைச் சேர்ப்பது, மேலே சொன்ன புணர்ச்சிச் சிக்கலுக்கும் தீர்வு.

தளமா, தலைப்பா, முகவரியா?

அதிகாரபூர்வத் தகவல் வேண்டும்போது முதலில் எடுக்க வேண்டியது சைட் கட்டளை. முதியோர் உதவித்தொகை அரசாணை என்று எழுதி, சைட் கட்டளையோடு டிஎன் டாட் கவ் டாட் இன் என்ற தமிழ்நாடு அரசின் முகவரியைச் சேர்த்தால் மற்ற தளங்கள் எல்லாம் ஒதுங்கிவிடும். அந்த முகவரியின் கீழ் வரும் துறைத் தளங்களும் இதில் அடங்கும். மாவட்ட நிர்வாகத் தளங்கள் என்ஐசி டாட் இன் என்ற முகவரியில் இருப்பதால் அவற்றைத் தனியே தேட வேண்டும்.

சைட் கட்டளைக்கும் ஓர் எல்லை உண்டு. தேடுபொறி பட்டியலிட்ட பக்கங்கள் மட்டுமே அதில் கிடைக்கும். ஈழத்து ஆவணங்களைத் திரட்டி வைத்துள்ள நூலகம் தளம் போன்ற இடங்களில், தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டியையும் பார்த்துவிடுவது நல்லது.

எந்தத் தளம் என்று தெரியாது, ஆனால் பொருளையே மையமாகக் கொண்ட பக்கம் வேண்டும் என்றால் இன்டைட்டில் பொருந்தும். அடுத்து வரும் சொல் பக்கத் தலைப்பில் இருந்தாக வேண்டும். எல்லாச் சொற்களும் தலைப்பில் வேண்டுமானால் ஆல்இன்டைட்டில். இணைய முகவரிக்குள் தேடும் இன்யூஆர்எல் தமிழ்த் தேடலில் அதிகம் கைகொடுப்பதில்லை. தமிழ்த் தளங்கள் பலவும் பக்க முகவரியை ஆங்கில எழுத்தில் வைப்பதே காரணம்.

கோப்பு வகை

அறிக்கை, பாடநூல், விண்ணப்பப் படிவம் போன்றவற்றுக்கு ஃபைல்டைப் கட்டளையோடு பிடிஎஃப் என்று சேர்ப்பது நேர்வழி. ஆனால் ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தயாரான கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு ஆங்கில எழுத்துகளே. அவற்றைத் தமிழ்ச் சொல் கொண்டு பிடிக்க முடியாது. பழைய அரசு ஆவணம் தேடுவோர் ஆங்கிலத் தலைப்போ அரசாணை எண்ணோ இட்டு, சைட், ஃபைல்டைப் இரண்டையும் சேர்த்துத் தேடலாம்.

காலம்

2019இல் கூகுள் கொண்டுவந்த பிஃபோர், ஆஃப்டர் கட்டளைகள் பக்கம் வெளியான தேதியைக் கொண்டு வடிகட்டுகின்றன. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இடையே சிறுகோடிட்டு எழுத வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தின்போதே எழுதப்பட்ட செய்திகள் வேண்டுமானால், ஆஃப்டர் 2015-11-01, பிஃபோர் 2016-01-31 என இரண்டையும் இட்டால் பின்னாளைய நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் விலகும். நிகழ்வின் தேதியையும் பக்கத்தின் தேதியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றித் தேட, 1981 என்பதைச் சாதாரணச் சொல்லாகவே இட வேண்டும். அப்போது இணையத் தளங்களே இல்லை. கடந்த வாரம், கடந்த மாதம் என்ற அளவு போதுமானால் ‘டூல்ஸ்’ பகுதியில் உள்ள காலத் தெரிவே எளிது.

எந்தப் பொறி?

மேற்கோள், கழித்தல், சைட், ஃபைல்டைப், இன்டைட்டில் ஆகியவற்றை கூகுள், பிங், டக்டக்கோ மூன்றும் ஏற்கின்றன. ஆனால் டக்டக்கோவில் கழித்தல் குறி அச்சொல் உள்ள முடிவுகளைக் குறைக்கும் அளவிலேயே நிற்கிறது. மொழியைக் குறிப்பிடும் லாங்குவேஜ் கட்டளை பிங்கில் உண்டு. தேதிக் கட்டளைகளுக்கு கூகுளே பொருத்தம்.

பழைய குறிப்புகளில் காணப்படும் சில கட்டளைகள் கூகுளில் இன்று இல்லை. சொல்லைக் கட்டாயமாக்கும் கூட்டல் குறி 2011இலும், பக்கத்தின் பழைய படியைக் காட்டிய கேஷ் 2024இலும் நீங்கின. முன்னதற்கு மேற்கோள் குறியும், பின்னதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினும் மாற்று.

முடிவாக, ஆவணம் வேண்டுமானால் சைட், வாசகம் தெரிந்தால் மேற்கோள், அக்காலச் செய்தி வேண்டுமானால் தேதி. ஒரு தேடலில் முதலில் ஒரு கட்டளையை மட்டும் இட்டு, முடிவுகளைப் பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கடைசியாகச் சேர்த்ததை நீக்கிவிட்டு மீண்டும் தேடுங்கள்.