விடையைச் சற்றுத் தள்ளி வை

அன்புத் தங்கைக்கு,

தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கான இயற்பியல் பாடத்தை வீடியோவாக எடுக்கும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி. எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கையிலிருக்கும் செல்போனே போதும். காசை நல்ல மைக்கில் போடு. படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் இரைந்தால் மூடிவைத்துவிடுவார்கள்.

நீ கேட்காத ஒன்றைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன் முதல் ஸ்கிரிப்டில் பிசிறே இல்லை. வரையறை, சூத்திரம், ஒரு கணக்கு, நன்றி வணக்கம். அந்தத் தெளிவுதான் எனக்குக் கவலை.

'வெரிடாசியம்' யூடியூப் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். தெளிவான விளக்க வீடியோவைப் பார்த்த மாணவர்கள் நன்றாகப் புரிந்தது என்றார்கள். தேர்வில் பெரிய முன்னேற்றமில்லை. தவறான கருத்தை ஒருவர் சொல்ல, அதை விவாதித்துத் திருத்தும் வீடியோவைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். ஆனால் கற்றது அவர்கள்தான்.

காரணம் எளிது. மேலே எறிந்த பந்தோடு கை கொடுத்த விசையும் கூடவே போகிறது என்று நம்புகிறவனிடம், 'கையை விட்டபின் புவியீர்ப்பு மட்டுமே' என்று நீ அழகாகச் சொன்னாலும், தனக்குத் தெரிந்ததையே நீயும் சொல்வதாக எண்ணித் தலையாட்டுவான். வகுப்பறையில் அந்த முகத்தைப் பார்த்து மடக்கிவிடலாம். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு இரவு பத்து மணிக்குப் பாடம் பார்க்கும் மாணவியின் முகம் உனக்குத் தெரியாது. ஆகவே அவளுடைய தப்பான விடை உன் ஸ்கிரிப்டிலேயே இருக்க வேண்டும், அதுவும் கேலியில்லாமல்.

மெழுகுவத்திச் சோதனையை எடுத்துக்கொள். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் திரி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் நீர் உள்ளே ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்கு நீர் வந்தது என்றுதான் நம்மில் பலர் படித்தோம். முதலில் அதையே ஒருவர் சொல்லட்டும். பிறகு டம்ளர் விளிம்பருகே கேமராவைக் கொண்டுபோ. கவிழ்க்கும்போதே குமிழிகள் வெளியேறுவதைப் பிடிக்க முடிகிறதா பார். திரி எரியும்வரை நீர் அவ்வளவாக ஏறாது. அணைந்த பிறகே விறுவிறுவென ஏறும். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால் எரியும்போதே ஏறியிருக்க வேண்டாமா? இங்கே வீடியோவை நிறுத்தச் சொல்லி, விடையை நோட்டில் எழுதச் சொல். அதற்குப் பிறகு விளக்கு: சூடான காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறியது, மிஞ்சியது குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளியது. வகுப்பின் கடைசி பெஞ்சுக்குத் தெரியாத குமிழியைக் காட்டத்தான் வீடியோ. நீ கரும்பலகைமுன் நின்று பேசுவதற்கு ஒலிப்பதிவே போதுமே!

எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாட வீடியோக்களின் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014இல் வந்த ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களே பார்ப்பவர்களைப் பிடித்து வைக்கின்றன என்றது. டேட்டா தீர்ந்துபோகும் நம் பிள்ளைகளுக்கும் சின்ன வீடியோவே நல்லது. ஆனால் அது பார்த்த நேரத்தின் கணக்கு, புரிந்ததன் கணக்கல்ல. (லோகோ சுழலும் முகப்பு இசையை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடு.)

இன்னொன்று. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடங்களைத் தொடங்கியபோது பிபிசி ஒளிபரப்பை மட்டும் நம்பவில்லை. அறிவியல் மாணவர்களின் வீட்டுக்கே சோதனைப் பெட்டியை அனுப்பியது. அதில் ஒரு சிறிய நுண்ணோக்கியும் இருந்தது. உன்னால் பெட்டி அனுப்ப முடியாது. டம்ளர், நூல், ரப்பர் பேண்டு, செல்போனின் ஸ்டாப்வாட்ச் ஆகியவற்றை வைத்துச் செய்யக்கூடிய ஒரு சோதனையை ஒவ்வொரு பாடத்துக்கும் கொடு. அளந்த எண்ணை அனுப்பச் சொல். வந்த எண்ணுக்கு யாராவது கட்டாயம் பதில் எழுத வேண்டும்.

முதல் பாடத்தை இப்படித் திருத்தி, இயற்பியல் படிக்காத இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டு. அவர்கள் எங்கே தப்பாக ஊகித்தார்கள் என்பதையும் குறித்து எனக்கு அனுப்பு. ஷூட்டிங் தேதியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்