புவிகாந்தப் புயல்: மின்தொடர்களுக்கும் குழாய்வழிகளுக்கும் நேரும் இடர்

1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் அதிகாலையில் கனடாவின் கியூபெக் மாநில மின்னமைப்பு ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் நிலைகுலைந்தது. அறுபது லட்சம் மக்கள் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றி அல்லலுற்றனர். இடியோ சூறாவளியோ இதற்குக் காரணமன்று. சூரியனிலிருந்து வெளிப்பட்ட மின்னேற்றத் துகள்களின் பெருந்திரள் புவியின் காந்தப்புலத்தைத் தாக்கியதே காரணம். இந்நிகழ்ச்சியையே புவிகாந்தப் புயல் என்கிறோம்.

மின்மாற்றியில் நிகழ்வது என்ன?

புயலின்போது வான்வெளியின் மேலடுக்குகளில் வலிய மின்னோட்டங்கள் பாய்கின்றன. அவற்றால் தரையில் காந்தப்புலம் விரைந்து மாறுகிறது. அம்மாற்றம் நிலத்தில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சில வோல்ட்டுகளே ஆயினும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மின்தொடரில் அது திரண்டு பெருகுகிறது. இவ்வாறு எழும் மின்னோட்டம் நிலத்துடன் இணைக்கப்பட்ட மின்மாற்றிகளின் வழியே உட்புகுகிறது.

நமது மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறுவது. புயலின் மின்னோட்டமோ திசை மாறச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே மின்மாற்றிக்கு அது நேர்மின்னோட்டம் போன்றதே. அது புகும்போது மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் ஒவ்வோர் அலையின் ஒரு பாதியில் காந்தச் செறிவடைகிறது. இதனால் மின்மாற்றி சூடேறுகிறது. மின்னலையின் வடிவம் சிதைகிறது. அமைப்பின் மின்னழுத்தம் தாழ்கிறது. கியூபெக்கில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே துண்டித்துக்கொண்டதால் மாநிலம் முழுவதும் இருண்டது. அங்குள்ள தொன்மையான பாறைப் பரப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாததும், மின்தொடர்கள் மிக நீண்டவையாக இருந்ததும் இடரைப் பெருக்கின.

குழாய்வழிகள்

எண்ணெய், எரிவாயு கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்கள் மண்ணில் துருப்பிடிக்காதிருக்க, மேற்பூச்சுடன், சிறு மின்னழுத்தம் ஒன்றும் செலுத்தப்படுகிறது. புயலின்போது இவ்வழுத்தம் அலைபாய்கிறது. குழாயை விட்டு மின்னோட்டம் மண்ணுக்குள் செல்லும் இடங்களில் எஃகு அரிக்கப்படும். முனைகள், வளைவுகள், மின்காப்பிட்ட இணைப்புகள் ஆகியவற்றின் அருகே விளைவு மிகுதி. சேதம் ஒரே நாளில் தெரிவதில்லை. பல ஆண்டுகளில் சேர்கிறது. புயல் நாளில் எடுக்கப்படும் அளவீடுகளும் பொறியாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

இந்தியாவின் நிலை

துருவப் பகுதிகளுக்கு நெருங்கிய நாடுகளைவிட இந்தியாவில் இவ்விளைவு பொதுவாகக் குறைவு. ஆயினும் இந்தியா முற்றிலும் பாதுகாப்பானது எனக் கருதலாகாது. 1859ஆம் ஆண்டு செப்டம்பர்ப் பெரும்புயலின்போது பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் காந்தப்புலத்தின் கிடைமட்ட வலிமை சுமார் 1,600 நானோடெஸ்லா வீழ்ந்ததாகப் பதிவாயிற்று. தென்கோடியில் காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பகலில் வான்வெளியில் பாயும் மின்னோட்டமும் தனிக்கவனத்துக்குரியது.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தொடரால் தென்னக மின்னமைப்பு நாட்டின் ஏனைய பகுதியுடன் இணைக்கப்பட்டது. மின்பகிர்வுக்கு இது பெரும்பேறு. எனினும் பரந்த அமைப்பில் ஓரிடத்துக் குறை மற்றோரிடத்துக்கும் பரவக்கூடும்.

செய்யத்தக்கவை

முக்கிய மின்மாற்றிகளின் நிலத்தொடர்பில் பாயும் மின்னோட்டத்தை இடைவிடாது அளத்தல் முதற்கடமை. நீண்ட மின்தொடர்களில் தொடர் மின்தேக்கிகள் இத்தகைய மின்னோட்டத்தைத் தடுக்கும். எச்சரிக்கை கிடைத்ததும் பழுதுபார்க்கும் பணிகளை ஒத்திவைத்து, மின்தொடர்களின் சுமையைக் குறைக்கலாம். குழாய்வழி அளவீடுகளை அந்நாட்களில் தவிர்க்கலாம்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, புவியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்து ஆராய்கிறது. அவ்விடத்தைக் கடக்கும் துகள்திரள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் புவியை அடைந்துவிடும். அக்குறுகிய பொழுதில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்து, மின்கட்டுப்பாட்டு நிலையங்களில் பயிற்சியளித்து வைத்தால்தான் எச்சரிக்கை பயன்தரும்.