சிப்பிக்குள் முத்து, குழாய்க்குள் புள்ளி: மன்னாரிலிருந்து ஆக்கவுரிமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார் தீவின் வேலைத்தலங்களிலும் வைத்தியசாலை எக்ஸ்ரே அறைகளிலும் கல்லூரி ஆய்வுகூடங்களிலும் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு ஆக்கவுரிமை எடுக்கலாமா?" என்பது. நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: "இந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா?" விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுவே. எக்ஸ்ரே குழாயை உதாரணமாக வைத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை சேர்ந்தே நடப்போம்.

சட்டம் என்ன கேட்கிறது?

இலங்கையில் நமக்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அது மூன்று தகுதிகளைக் கேட்கிறது. பொருள் புதியதாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவது தகுதி 65ஆம் பிரிவில் இருக்கிறது: ஏற்கெனவே வெளியானவற்றை எல்லாம் முன்னே வைத்துப் பார்த்தாலும், அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது.

"புதியது" என்றால் மன்னாரில் புதியது என்று எண்ண வேண்டாம். உலகின் எந்த மூலையிலும், எந்த மொழியிலும், அச்சிலோ பேச்சிலோ பயன்பாட்டிலோ வெளியானது எதுவும் நமக்கு முந்தியதே.

எக்ஸ்ரே பக்கம் வருபவர்கள் 62ஆம் பிரிவையும் பார்த்துவிட வேண்டும். மனித உடலில் நோயைக் கண்டறியும் முறைக்கு ஆக்கவுரிமை கிடையாது. அந்த முறையில் பயன்படும் கருவிக்கு உண்டு. ஆகவே நாம் எழுதப்போவது கருவியைப் பற்றி.

குவியப் புள்ளி என்றால் என்ன?

எக்ஸ்ரே குழாய்க்குள் வெற்றிடம். சூடான இழையிலிருந்து கிளம்பும் இலத்திரன்கள் உயர் மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு எதிரே உள்ள டங்ஸ்டன் அனோட்டில் மோதுகின்றன. மோதும் அந்தச் சிறு இடமே குவியப் புள்ளி. கதிர்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

புள்ளி சிறிதானால் படம் கூர்மையாகும். ஆனால் இலத்திரன்கள் கொண்டுவரும் சக்தியில் ஏறத்தாழ 99 சதவீதம் வெப்பமாகிவிடுகிறது. அவ்வளவு வெப்பமும் ஒரு சிறு புள்ளியில் குவிந்தால் டங்ஸ்டனும் உருகும். கூர்மை வேண்டுமென்றால் சிறிய புள்ளி, சக்தி வேண்டுமென்றால் பெரிய புள்ளி. நூறு வருடத்துக்கும் மேலாக எக்ஸ்ரே குழாய் செய்பவர்கள் இந்த இழுபறியோடுதான் வேலை செய்கிறார்கள். சாதாரணக் குழாய்களில் 0.6, 1.2 மில்லிமீற்றர் என இரண்டு அளவுகள் இருக்கும். மார்பக எக்ஸ்ரேக்கு 0.3, 0.1 வரை இறங்குவார்கள்.

நம் எடுத்துக்காட்டு

இந்தக் குவியப் புள்ளியை நம் கரையின் முத்துச் சிப்பியோடு சேர்த்துப் பார்ப்போம். 1905இல் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடியளவு சிப்பிகள் எடுக்கப்பட்டன. அழுகவிட்டுக் கழுவித்தான் முத்தைத் தேட வேண்டும். முத்து இல்லாத சிப்பியும் சேர்ந்தே செத்தது. உடைக்காமல் எக்ஸ்ரேயில் பார்த்து, முத்தில்லாததைக் கடலுக்கே திருப்பி விடலாம் என்ற யோசனை அந்தக் காலத்திலேயே எழுந்தது. ஆகவே "சிப்பிக்கு எக்ஸ்ரே" என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் நம் விண்ணப்பம் நூறு வருடம் பிந்தியது.

கொஞ்சம் முன்னே போவோம். சிப்பிகள் பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. படத்தை இரண்டு மடங்கு பெருக்கி எடுக்கிறோம். அப்போது 1 மில்லிமீற்றர் முத்தின் நிழல் 2 மில்லிமீற்றர். புள்ளி 1.2 என்றால் அதன் விளிம்பில் 1.2 மில்லிமீற்றர் மங்கலும் சேரும். முத்து கரைந்து போகும். புள்ளி 0.1 என்றால் மங்கலும் 0.1தான். ஆனால் அவ்வளவு சிறிய புள்ளி அதிக மின்னோட்டத்தைத் தாங்காது. நேரம் கூட்டித்தான் படம் எடுக்க வேண்டும். அதற்குள் பெல்ட் நகர்ந்துவிடும்.

இங்கே ஒரு யோசனை: இலத்திரன் கற்றையைக் காந்தச் சுருளால் வளைத்து, பெல்ட் நகரும் திசையிலேயே குவியப் புள்ளியையும் நகர்த்துவோம். இரண்டு மடங்குப் பெருக்கத்தில் சிப்பி 1 மில்லிமீற்றர் நகர்ந்தால் புள்ளி 2 மில்லிமீற்றர் நகர வேண்டும்; நிழல் அசையாமல் நிற்கும். வெப்பமும் அனோட்டில் பரவும். ஒரே அசைவில் இரண்டு நன்மை. பார்த்ததும் பிடிக்கிற யோசனைதான். தாங்குமா என்று சோதிப்போம்.

முதல் வேலை: தேடல்

இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். கூகுள் பேடன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக புலமைச் சொத்து அமைப்பின் பேடன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். சொல்லை வைத்துத் தேடுவது தொடக்கம் மட்டுமே. நெருங்கிய ஓர் ஆவணம் கிடைத்ததும் அதன் வகைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த எண்ணாலேயே தேட வேண்டும். எக்ஸ்ரே குழாய்கள் எச்01ஜே 35 என்ற வகையில் கிடக்கின்றன. பிறகு அந்த ஆவணம் மேற்கோள் காட்டியவை, அதை மேற்கோள் காட்டியவை என்று இரு பக்கமும் நடக்கலாம்.

பக்கத்துத் துறையை விட்டுவிடக் கூடாது. நம் உதாரணத்துக்குப் பெரிய தலைவலி அங்கிருந்துதான் வருகிறது. சி.ரி. (CT) ஸ்கேனர்களில் குவியப் புள்ளியைக் காந்தத்தால் வேகமாக இடம் மாற்றுவது இருபது வருடத்துக்கும் மேலாக வழக்கத்தில் உள்ளது. இன்னும் பின்னே போனால், பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே போகாஜ் 1921இலேயே ஓர் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்: குழாயையும் படச்சுருளையும் எதிரெதிராக நகர்த்தி, உடலின் ஒரு தளத்தின் நிழலை மட்டும் அசையாமல் நிறுத்தும் முறை. நம் கணக்கும் அவருடைய கணக்கும் ஒரே குடும்பம்.

இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். விண்ணப்பித்த பிறகு பரிசோதகர் காட்டுவதைவிட இப்போதே நாம் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாம் வேலை: நான்கு கேள்விகள்

பிரித்தானிய நீதிமன்றம் 1980களில் ஒரு கடல் விளையாட்டு வழக்கில் வகுத்த வழி இது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு நன்றாக உதவும்.

பலகையில் பாய் கட்டி ஓட்டும் விண்ட்சர்பிங்கிற்கு ஓர் ஆக்கவுரிமை இருந்தது. அதில் பாயைப் பிடிக்கும் தடி இருபுறமும் வளைந்தது. 1958இல் தென் இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் அத்தகைய பலகையைத் தானே செய்து கரையோரம் ஓட்டியிருந்தது வழக்கில் வெளிவந்தது. அவனுடைய தடி நேரானது, காற்றில் வளைந்துகொண்டது. வளைந்த தடிகள் படகுகளில் ஏற்கெனவே இருந்தன. நேர்த்தடியிலிருந்து அதற்குப் போவது துறை தெரிந்தவருக்கு இயல்பான அடுத்த அடி என்றது நீதிமன்றம். ஆக்கவுரிமை போயிற்று. கடற்கரையில் வெளிப்படையாகப் பயன்படுத்தியதும் முந்திய அறிவாகும் என்பதைப் பேசாலையிலும் தலைமன்னாரிலும் வள்ளத்தில் புதுச் சாதனம் பொருத்துகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

முதல் கேள்வி: நம் யோசனையின் கரு எது? பெல்ட்டோடு சேர்ந்து நகரும் குவியப் புள்ளி.

இரண்டாவது: துறை தெரிந்தவர் யார், அவருக்கு என்ன தெரியும்? இங்கே அவர் தொழிற்சாலைகளுக்கு எக்ஸ்ரே சோதனைக் கருவி வடிவமைக்கும் பொறியியலாளர். கற்பனை குறைவு, வாசிப்பு அதிகம். மருத்துவ ஸ்கேனர் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது: முந்தியதற்கும் நம்முடையதற்கும் வேறுபாடு எது? கற்றையை வளைப்பது பழையது. நிழலை நிறுத்துவது பழையது. ஓடும் பெல்ட்டின் வேகத்தோடு இரண்டையும் கட்டுவதே மிச்சம்.

நான்காவது: நம் விடையை அறியாத அவர் இந்த இடைவெளியைத் தானாகக் கடந்திருப்பாரா? இதில்தான் நேர்மை வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் ஒரு கார் பெடல் வழக்கில் சொன்னதன் சாரம்: தெரிந்த உறுப்புகளைச் சேர்த்து, எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அது பெரும்பாலும் தேறாது. என் கணிப்பும் அதுவே. இப்போது எழுதியிருக்கும் நிலையில் நம் யோசனை விழுந்துவிடும்.

எது தாங்கும்?

வரலாற்றில் தாங்கும் வகையான ஒன்றைப் பார்ப்போம். புள்ளி பெரிதானால் மங்கல், சிறிதானால் உருகல் என்று எல்லாரும் நம்பியிருந்த நேரத்தில், 1918இல் ஜெர்மனியில் ஒட்டோ கோட்சே அனோட்டின் முகத்தைச் சரித்து, இலத்திரன்களை நீளமான கோடாக விழச்செய்தார். மேசையில் கிடக்கும் அடிமட்டத்தை நுனிப்பக்கமிருந்து பார்த்தால் குட்டையாகத் தெரிவதுபோல, நோயாளியின் பக்கமிருந்து அந்தக் கோடு சிறு புள்ளியாகத் தெரிகிறது. 12 பாகைச் சரிவில் 6 மில்லிமீற்றர் கோடு 1.25 மில்லிமீற்றராகத் தோன்றும். வெப்பம் விழுவது பெரிய பரப்பில், கதிர் வருவது சிறிய புள்ளியிலிருந்து. இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம் என்ற நம்பிக்கையையே அது உடைத்தது.

சுழலும் அனோட்டு இன்னொரு பாடம். யோசனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தது. வெற்றிடத்தில், அந்தச் சூட்டில், எண்ணெய் இல்லாமல் சுழலும் தாங்கியைச் செய்ய முடியவில்லை. பிலிப்ஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் பவர்ஸ் 1929இல் ரோட்டாலிக்ஸ் குழாயைக் கொண்டுவந்தார். நீண்டகாலத் தேவை, பலர் முயன்றும் முடியாமை, கடைசியில் ஒருவர் செய்து காட்டியது: இத்தகைய சான்றுகள் நம் பக்கம் பலமாக நிற்கும்.

அப்படியானால் நம் பெல்ட் யோசனையில் எங்கே தோண்டுவது? முத்தும் ஓடும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றால் ஆனவை. நிழலில் வேறுபாடு குறைவு. புள்ளி நகரும்போது சிப்பியின் ஒரு தளம் மட்டுமே கூர்மையாக நிற்கும், மற்றவை கலங்கும். ஓட்டின் நிழலைக் கலங்கடித்து முத்தின் நிழலை மட்டும் நிறுத்தும் ஒரு குறிப்பிட்ட ஓட்டமுறையை நாம் கண்டு, யாரும் எதிர்பாராத அளவுக்கு முத்துத் தெரிகிறது என்று அளந்து காட்டினால், பேச்சு மாறும். அளவீடு, திகதியிட்ட குறிப்பேடு, ஒப்பிட்ட படங்கள்: இவைதான் நம் மூலதனம்.

விண்ணப்பம்: எந்த வரிசையில்?

முதலில் விவரணம். துறை தெரிந்தவர் வாசித்து அதே கருவியைச் செய்யக்கூடிய அளவுக்கு முழுமையாக எழுத வேண்டும். அடுத்து உரிமைக் கோரிக்கைகள். முதல் கோரிக்கையை அகலமாகவும், அதன் கீழ் ஒவ்வொன்றையும் இன்னும் குறுக்கியும் எழுதுவோம். மேலே உள்ளது விழுந்தால் கீழே உள்ளது பிடித்துக்கொள்ளும். பிறகு வரைபடங்கள், சுருக்கம்.

சமர்ப்பிக்க வேண்டிய இடம் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். அங்கே விண்ணப்பதாரர் சர்வதேச வகைத் தேடல் அறிக்கையைக் கொடுக்கலாம், அல்லது உள்நாட்டுப் பரிசோதகருக்கு அனுப்பும்படி பணிப்பாளர் நாயகத்தைக் கேட்கலாம்.

வெளிநாட்டிலும் பாதுகாப்பு வேண்டுமானால் முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து 12 மாதம் இருக்கிறது. ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இலங்கை 1982 முதல் உறுப்பினர். அந்த வழியில் போனால் நாடுகளைத் தெரிவுசெய்ய 30 மாதம் வரை கிடைக்கும்.

எவ்வளவு செலவாகும்?

அலுவலகக் கட்டணங்கள் வர்த்தமானி ஒழுங்குவிதிகளால் மாறும்; கட்டும் அன்று கேட்டுக்கொள்வதே சரி. செலவு வரும் வரிசையை இப்போதே தெரிந்துகொள்ளலாம்: விண்ணப்பம், தேடல் அறிக்கை, வழங்கலும் பிரசுரமும், அதன்பின் ஆண்டுக் கட்டணம். ஆயுள் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம். ஆண்டுக் கட்டணம் தவறினால் உரிமை போய்விடும்.

பெருந்தொகை பொதுவாக அலுவலகத்துக்குப் போவதில்லை. எழுதித் தரும் முகவருக்கும் வெளிநாட்டுக் கட்டங்களுக்கும் போகிறது. சர்வதேச விண்ணப்பக் கட்டணத்தில் வளர்முக நாடுகளின் தனிநபர்களுக்கு 90 சதவீதக் கழிவு உண்டு. கம்பனியின் பெயரில் போட்டால் அது கிடைக்காது. ஆகவே யார் பெயரில் என்பதை முதலிலேயே யோசிப்போம். உள்நாட்டில், 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை புத்தாக்குநர் ஆணைக்குழுவிடம் உதவி கேட்கலாம். தயங்க வேண்டாம், அது அதற்காகவே இருக்கிறது.

கவனம்

கண்காட்சியிலோ முகநூலிலோ காட்டுவதற்கு முன் விண்ணப்பியுங்கள். நாமே வெளியிட்டதற்கு நம் சட்டம் ஒரு வருடச் சலுகை தருகிறது. ஆனால் ஐரோப்பாவில் அந்தச் சலுகையை நம்பிப் போக முடியாது.

உதவி செய்த நண்பர், மெக்கானிக், ஆசிரியர் யாருக்கு என்ன பங்கு என்பதை வேலை தொடங்கும்போதே எழுத்தில் வைப்போம். வேலை செய்யும் நிறுவனத்தின் கருவியில் கண்டுபிடித்ததானால் உரிமை யாருடையது என்பதை வேலை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய எக்ஸ்ரே குழாயை வீட்டில் மின்கொடுத்துப் பார்க்கவே கூடாது. பல்லாயிரம் வோல்ற் மின்னழுத்தம், இணைப்பைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் நிற்கும் மின், கண்ணுக்குத் தெரியாத கதிர். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்க் காயங்களால் 1904இல் இறந்தார். எக்ஸ்ரே கருவியை வைத்திருக்கவும் இயக்கவும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை அணுசக்தி ஒழுங்குறுத்தும் சபையின் அனுமதி வேண்டும். அனுமதியுள்ள பல்கலைக்கழகம் அல்லது வைத்தியசாலை ஒன்றின் மேற்பார்வையில் அளவீடுகளைச் செய்வோம். அங்கு போவதற்கு முன் பெல்ட் வேகத்தையும் புள்ளியின் அசைவையும் கணினியில் கணித்து எடுத்துச் சென்றால், கதிர் போட வேண்டிய நேரம் குறையும்.