எண்ணிக்கையும் பெயரும்



அளந்தறிதல் அறிவியலின் முதற்படி. காய்ச்சலை அளவாத மருத்துவர் மருந்தளவை அறியார். மாணவன் எவ்விடத்தில் தளர்ந்தான் என்பதை அறியாத ஆசிரியர் அவனுக்குக் கைகொடுக்க இயலாது. ஆதலின் மாணவரின் தேர்ச்சியை ஆண்டுதோறும் குறித்து வைத்து ஆராய்தல் இன்றியமையாத பணியே ஆகும். ஆயினும் அக்குறிப்பு ஒருவனுடைய பெயரோடு சேர்ந்து வெளியே உலவுமாயின், உதவ வந்த ஏடே அவனைத் தலைகுனியச் செய்யும். இவ்விரண்டையும் இணக்குவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். களமசேரியில் பயிலும் தமிழராகிய நமக்கு இது தொலைவில் உள்ள செய்தி அன்று.

ஏன் எண்ண வேண்டும்?

1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழர் பலர் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அதே ஆண்டில் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கின்றது. இன்றும் கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழில் எழுதும் பிள்ளைகள் உள்ளனர்.

அப்பிள்ளைகள் நன்கு பயில்கின்றனரா? மொத்தக் கணக்கு இதற்கு விடை கூறாது. 2024ஆம் ஆண்டு அத்தேர்வில் தேறியவர் 99.69 விழுக்காடு. பெருமைக்குரிய எண்ணே. ஆனால் பெருந்தொகைக்குள் சிறுதொகை மறைந்து போகும். தோட்டப் பகுதிப் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகள் கணிதத்தில் பின்தங்கினாலும், மாநிலச் சராசரி அணுவளவும் அசையாது. அவர்களைத் தனியே எண்ணினால் அன்றி அவர்கள் குறை எவர் கண்ணிலும் படாது.

எண்ணுவதில் உள்ள இடர்

ஒரு வகுப்பில் 40 மாணவர் உள்ளனர் எனக் கொள்வோம். அவருள் 39 பேர் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஒருவன் மட்டும் தமிழன். வகுப்பின் கணிதச் சராசரி 60 என்றும், மலையாள மாணவரின் சராசரி 61 என்றும் பள்ளி ஓர் அட்டவணை வெளியிடுகின்றது. தமிழ் மாணவனுக்குரிய கட்டத்தை, நல்லெண்ணத்தோடு, வெறுமையாக விட்டுவிடுகின்றது. மறைத்தாயிற்று என்று நினைக்கின்றோம். மறையவில்லை! 40ஐ 60ஆல் பெருக்கினால் 2400, 39ஐ 61ஆல் பெருக்கினால் 2379, எஞ்சுவது 21. அவன் பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு 21 என்பதை ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்கே காட்டிக் கொடுத்துவிட்டது.

பெயரை நீக்கினால் போதும் என்பதும் தவறான நம்பிக்கையே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில ஊழியரின் மருத்துவக் குறிப்புகள் பெயர் நீக்கப்பட்டு ஆராய்ச்சிக்கென வழங்கப்பட்டிருந்தன. 1990களில் மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, பிறந்த நாள், பால், அஞ்சல் எண் என்னும் மூன்றை மட்டும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநரின் குறிப்பையே அதனுள் கண்டெடுத்தார். அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரை இம்மூன்றே தனித்துக் காட்டக்கூடும் என அவர் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டார். நம் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு துறை, ஓர் ஆண்டு, தமிழ்வழியில் பயின்ற பெண் என்ற மூன்று சொற்கள் போதும். பெயரைக் கூற வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே உண்மை இதுதான்: குழு சிறியதாகச் சிறியதாக, அதனை எண்ண வேண்டிய தேவையும் மிகுகின்றது, அதனைக் காக்க வேண்டிய கடமையும் மிகுகின்றது.

காக்கும் வழிகள்

முதல் வழி நமக்குப் பழக்கமானதே. பல்கலைக்கழகத் தேர்வுகளில் விடைத்தாளின் பதிவெண்ணை மறைத்து, வேறோர் எண்ணை இடும் வழக்கம் உண்டு. திருத்துபவர் அந்தப் போலி எண்ணையே காண்பார்; இரண்டு எண்களையும் இணைக்கும் பட்டியல் வேறொருவர் பொறுப்பில் இருக்கும். ஆராய்ச்சிக்கும் இம்முறையையே கொள்ளலாம். ஆனால் சேர்க்கை எண்ணையோ பிறந்த தேதியையோ குறியீடாகக் கொள்வது கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, சிறு குழுவின் எண்ணை வெளியிடாமை. பத்துப் பேருக்குக் குறைந்த குழுவின் சராசரியைத் தருவதில்லை என வரம்பு வகுத்துக்கொள்ளலாம். அவ்வாறு ஒரு கட்டத்தை மறைக்கும்பொழுது, கழித்துக் கண்டுபிடிக்க உதவும் மற்றொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும்.

மூன்றாவது, சேர்த்து எண்ணுதல். ஒரு பள்ளியில் மூவரே எனில், மூன்று ஆண்டுகளை ஒன்றாகக் கூட்டலாம். அல்லது வட்டம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளலாம். இதனால் நுணுக்கம் சிறிது குறையும். ஆனால் குறை உள்ளதா இல்லையா என்ற உண்மை மறையாது.

நான்காவது, குழு பெரியதாயினும் விழிப்போடிருத்தல். பன்னிருவர் எழுதிப் பன்னிருவரும் தவறினர் என்றால், ஒவ்வொருவர் நிலையும் வெளிப்பட்டுவிடுகின்றது அன்றோ?

சட்டம் கூறுவது

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நமக்கு அண்மையில் எறணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம், 2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றுக் காலத்தில் திரட்டிய மக்கள் விவரங்களை அடையாளம் நீக்கிய பின்னரே அயல்நாட்டு நிறுவனம் காணலாம் என இடைக்கால ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டின் தனிமனித மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கின்றது. எனினும் 2025 நவம்பரில் வெளியான விதிகள், கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கல்வி நிலையங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. ஆதலின் சட்டம் விட்ட இடத்தை ஆசிரியரின் நேர்மையே நிரப்ப வேண்டும்.

தன் மதிப்பெண்ணைத் தான் அறியும் உரிமை இதற்கு மாறுபட்டதன்று. தன் விடைத்தாளைத் தான் காண மாணவனுக்கு உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலேயே கூறியுள்ளது. 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு பொதுத் தேர்வுகளில் முதலிடப் பட்டியல் அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அதனால் எவரும் தம் மதிப்பெண்ணை அறியாமல் போகவில்லை; ஊரறியச் செய்யும் ஒப்பீடே நின்றது.

“மடியில் கனம் இல்லையேல் வழியில் பயம் ஏன்?” என வினவுவார் சிலர். மதிப்பெண் களவுப் பொருளன்று; உண்மையே. அதனாலேயே வழியில் வருவோர் போவோர்க்கெல்லாம் மடியை விரித்துக் காட்ட வேண்டும் என்பது எவ்வகை நீதி? ஒரு பருவத்தில் ஒரு தாளில் தவறியவன் மறு பருவத்தில் தேறிவிடுவான். அவனைப் பற்றிப் பரவிய சொல் தேறாது.

நாம் செய்யத்தக்கது

தமிழ்வழியில் பயின்று இங்கு வரும் இளைய மாணவர்க்கு எந்தத் தாளில் துணை தேவை என்பதை அறிய நம் மன்றம் விவரம் திரட்டுமாயின், சில நெறிகளை முதலிலேயே வகுத்துக்கொள்ளுதல் நலம். நோக்கத்தைக் கூறி இசைவு பெறுக. தேவையானதை மட்டும் கேட்க. சாதி, வருமானம், ஆதார் எண் நமக்கு வேண்டா. பெயர்ப்பட்டியல் ஒருவர் கையிலும், மதிப்பெண் ஏடு மற்றொருவர் கையிலும் இருக்கட்டும். குழுவான கைப்பேசிச் செய்திகளில் எவருடைய மதிப்பெண்ணும் செல்லலாகாது. ஆண்டு முடிந்தபின் பெயர்ப்பட்டியலை அழித்துவிடுக.

அவ்வாறு செய்தால், துணை வேண்டுவோர் எத்தனை பேர் என்பதை எல்லாரும் அறிவர். அவர் யார் என்பதை அவருக்குத் துணை செய்வோர் மட்டுமே அறிவர்.