பழைய மைக்ரோவேவ் அடுப்பு: மூடியைத் திறக்காமலே பழுதை அறிவது எப்படி?



மளிகையோடு பேக்கரியோ டீ ஸ்டாலோ சேர்த்து நடத்தும் உறுப்பினர்கள் பலர், பப்ஸ், சமோசாவைச் சூடாகக் கொடுக்க மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருக்கிறார்கள். வீட்டில் கிடந்த குமிழ் வைத்த பழைய மாடலைக் கடைக்குக் கொண்டுவருவதும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் மிக்ஸியைப் பிரித்துப் பார்ப்பது போல இதையும் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து.

காரணம் இதுதான். நம் 230 வோல்ட் மின்சாரம், உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர், டையோடு, கண்டன்சர் ஆகியவற்றால் சுமார் 4,000 வோல்ட்டாக உயர்ந்து மேக்னட்ரான் என்ற குழாய்க்குப் போகிறது. சூடேற்றும் அலையை உண்டாக்குவது அந்தக் குழாய்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். ஆகவே மேல்மூடியைத் திறப்பது, பழக்கப்பட்ட மெக்கானிக்கின் வேலை. வெளியிலிருந்து நாம் பார்க்க வேண்டியவை கீழே:

1. விளக்கே எரியவில்லையா? முதலில் அந்தப் பிளக் பாயிண்டில் வேறு சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். 15 ஆம்பியர் பாயிண்ட்தான் இதற்கு ஏற்றது. பாயிண்ட் சரியென்றால் உள் ஃப்யூஸ் போயிருக்கலாம். ஃப்யூஸ் மாற்றியும் மீண்டும் மீண்டும் போனால், கதவு சுவிட்சுகளிலோ உள் பாகங்களிலோ கோளாறு என்று அர்த்தம். அங்கே கம்பியைச் சுற்றி ஓட்டும் வேலைக்கு யாரையும் அனுமதிக்காதீர்கள்.

2. விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, ஆனால் சூடு இல்லையா? மேக்னட்ரான், டையோடு, கண்டன்சர் இவற்றில் ஒன்று கெட்டிருக்கலாம். வழக்கத்தைவிட உரத்த உறுமல் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

3. உள்ளே பொறி பறக்கிறதா? உட்சுவரில் ஒட்டியிருக்கும் மைக்கா தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கருகியிருக்கும். லேசான பிசுக்கை ஈரத்துணியால் துடைக்கலாம். கருகியிருந்தால் தகட்டை மாற்ற வேண்டும். ஜரிகைக் கோடு போட்ட பீங்கானும், அலுமினியத் தாளும் இதே பொறியை உண்டாக்கும்.

4. கதவு சரியாக மூடவில்லையா? கீல் தளர்ந்தாலும், கதவு வளைந்தாலும் அடுப்பை ஓட்டக் கூடாது. கதவு திறந்த நிலையில் ஓடினாலோ, குமிழ் பூஜ்யத்துக்கு வந்தும் நிற்காவிட்டாலோ பிளக்கைப் பிடுங்கி ஓரம் கட்டுங்கள்.

5. சற்று நேரம் ஓடி நின்றுவிடுகிறதா? காற்றுத் துளைகளை மூட்டைகள் அடைத்திருக்கும். மாவுத் தூசியும் படிந்திருக்கும். மளிகைக் கடையில் கரப்பானும் எலியும் உள்ளே புகுவது சாதாரணம். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள்.

சூடு குறைந்துவிட்டதா என்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, பால் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரால் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரை வெளியே எடுத்துவிட்டு, முழுச் சக்தியில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கலக்கி மறுபடி பாருங்கள். ஏறிய டிகிரி செல்சியஸை 70ஆல் பெருக்கினால் வெளிவரும் வாட் தெரியும். 10 டிகிரி ஏறினால் 700 வாட். இதைப் பின்புறச் சீட்டில் உள்ள வெளியீட்டு வாட்டோடு ஒப்பிடுங்கள். மாலையில் மட்டும் குறைந்தால் லோ வோல்டேஜ். எந்நேரமும் வெகுவாகக் குறைந்தால் பெரும்பாலும் மேக்னட்ரான் தேய்ந்திருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் இன்னொரு சிக்கல். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர, நம் 50 ஹெர்ட்ஸை மாற்றாது; உள் டிரான்ஸ்பார்மர் அதிகம் சூடாகிக் கெடும்.

மெக்கானிக்கிடம் பாகத்தின் விலை, கூலி இரண்டையும் முதலிலேயே கேளுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்று ஆனால், புதிது வாங்குவதே லாபம். எப்படியானாலும், ‘மூடியைத் திறக்காதே, வெறும் அடுப்பை ஓட்டாதே’ என்ற இரண்டையும் எழுதி அடுப்பின் மேல் ஒட்டிவிடுங்கள். முதலாளி இல்லாத நேரத்தில் அந்த அடுப்பைத் தொடுபவர் நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்.