மூன்று மைக், ஒரு தவில்

ஒரு சின்னக் கேள்வி. ஒரு தவிலுக்கு ஒரு மைக் வைத்தால் நன்றாகக் கேட்கிறது. மூன்று மைக் வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்க வேண்டுமல்லவா? சில சமயம் ஒரு மைக்கில் கேட்டதைவிட மோசமாகக் கேட்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குப் பெரியப்பா தவில் வாசித்தார். அதைப் பதிந்து வைக்கணும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. தனித்தனி டிராக்கில் பதியும் ரெக்கார்டர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். தொப்பிப் பக்கம் ஒரு மைக், வலந்தலைப் பக்கம் ஒரு மைக், இரண்டும் 10 செ.மீ. தூரத்தில். மொத்த மேளத்துக்கும் சேர்த்து எதிரே 1.85 மீட்டர் தள்ளி மூன்றாவது மைக்.

தனித்தனியாகக் கேட்டால் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. சேர்த்துப் போட்டால் தவில் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது. பெரியப்பா இரண்டு தடவை கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்கண்ணு, என் கையில பலம் போயிருச்சா? அடுத்த வருஷம் சின்னவங்களையே வாசிக்கச் சொல்லிடலாம்" என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. குறை அவர் கையிலா, என் வேலையிலா?

வகுப்பில் படித்ததை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒலி என்பது காற்றில் அழுத்தம் ஏறி இறங்குவது. ஒரு டிராக்கில் அழுத்தம் ஏறும் அதே நேரத்தில் இன்னொன்றில் இறங்கினால், கூட்டும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். அளவு சமமானால் முழுக்க அழியும், இல்லாவிட்டால் மெலியும். இதைத்தான் ஃபேஸ் மாறுதல் என்கிறோம். மேட்டூர் அனல் மின் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜெனரேட்டரைக் கிரிட்டில் சேர்க்கும் முன் ஃபேஸ் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள். ஒலிக்கும் அதே நியாயம்தான்.

இப்போது கணக்கு. 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். எதிர் மைக்குக்கு 1.75 மீட்டர் அதிக தூரம். 1.75-ஐ 350-ஆல் வகுத்தால் 5 மில்லி செகண்ட் தாமதம். 100 ஹெர்ட்ஸ் ஓசைக்கு ஒரு சுற்று 10 மில்லி செகண்ட். அப்படியானால் 5 என்பது சரியாக அரைச் சுற்று! ஆகவே 100 ஹெர்ட்ஸ் அடிபடும். அதேபோல 300, 500 என்று ஒற்றைப்படை மடங்குகளும் அடிபடும். தொப்பியின் கனம் எங்கே போச்சு என்று இப்போது புரிகிறதா?

இரண்டாவது குற்றம் தவிலின் அமைப்பிலேயே இருக்கிறது. குச்சியால் தொப்பியை அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகும். உள்ளிருக்கும் காற்று வலந்தலைத் தோலை வெளியே தள்ளும். ஒரு மைக்குக்கு இழுப்பு, இன்னொன்றுக்குத் தள்ளல். இரண்டு டிராக்கும் நேர் எதிர்!

நான் செய்த திருத்தம் இது:

1. தொப்பி டிராக்கை ஆதாரமாக வைத்துக்கொண்டேன். தனியாக விழுந்த ஓர் அடியைத் தேடி அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

2. எதிர் மைக் டிராக்கை 5 மில்லி செகண்ட் முன்னால் நகர்த்தினேன். விநாடிக்கு 48,000 சாம்பிள் பதிவில் இது 240 சாம்பிள்.

3. வலந்தலை டிராக்கைத் தலைகீழாக்கினேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 'இன்வெர்ட்' என்று இருக்கும். ஆனால் அருகிலுள்ள இந்த இரண்டு டிராக்கையும் நகர்த்தக் கூடாது. தொப்பி அடிக்கு ஒத்துவந்தால் வலந்தலை அடிக்கு இன்னும் விலகிப்போகும்.

4. எல்லாவற்றையும் மோனோவில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கேட்டேன். கனம் கூடினால் சரி, குறைந்தால் தப்பு. கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு தவில்காரர் வேறு வேறு தூரத்தில் நின்றால் எதிர் மைக்கை ஒருவருக்கு மட்டுமே ஒத்துவரச் செய்ய முடியும். அதனால் பதியும்போதே கவனம் வேண்டும். ஒரு மைக் வாத்தியத்துக்கு எத்தனை தூரமோ, அடுத்த மைக் அதற்கு மும்மடங்காவது தள்ளி இருப்பது நல்லது. தொடங்கும் முன் ஒரே ஒரு அடி அடிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டால் பின்னால் அளக்கச் சுலபம்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. டி.ஆர்.சுந்தரம் அந்த நிறுவனத்தைத் தொடங்கியது 1935-இல். பேசும்படத்தின் அந்த ஆரம்ப காலத்தில் பாட்டையும் பக்கவாத்தியத்தையும் ஒன்றாகவே பதிவார்கள். பலமான வாத்தியத்தை மைக்கிலிருந்து தள்ளி உட்கார வைப்பார்கள். மைக் ஒன்றேயானால் இந்தச் சண்டை கிடையாது. வசதி பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகுகிறது.

திருத்தியதைப் பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். முதல் அடி விழுந்ததும் நிமிர்ந்தார். "இதுதான்டா என் தொப்பி!" என்றார். வரும் ஆடிக்கும் அவரேதான் வாசிக்கிறார்.

நண்பர்களே, கருவி காட்டுவதை அப்படியே நம்பி மனுஷனைக் குறை சொல்லிவிடாதீர்கள். முதலில் உங்கள் இணைப்பைச் சரி பாருங்கள்.