பாட்டியின் அதிமதுரம்

மாமல்லபுரம்

அன்புள்ள கயல்,

"மூலிகைதானே மாமா, என்ன கெடுத்துவிடப் போகிறது?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். பதில் கொஞ்சம் நீளம்.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் உப்பளம் பார்த்தோமே, ஞாபகமிருக்கிறதா? மடையைத் திறந்தும் அடைத்தும் பாத்தி பாத்தியாக நீரை நகர்த்துவார்கள். சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு நாளில் 180 லிட்டர் வடிகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு மட்டும் ஒன்றரைக் கிலோ வரும்! 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப இழுத்துக்கொண்டு, அன்றன்று நாம் தின்ற அளவை மட்டும் வெளியே விடுகிறது. கடைசி மடையில் 'உப்பைப் பிடித்து வை' என்று உத்தரவு போடுவது ஆல்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன்.

கார்ட்டிசால் என்று இன்னொன்று உண்டு. அதே உத்தரவை அதுவும் போடும். ரத்தத்தில் அதன் அளவோ நூறு மடங்குக்கும் மேல். அதனால் அங்கே ஒரு நொதி காவல் நின்று, வருகிற கார்ட்டிசாலையெல்லாம் செல்லாக்காசாக்கி அனுப்புகிறது. அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசரைசின் வயிற்றுக்குள் போனால், அந்தக் காவலாளியை முடக்கிவிடும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தார். புண் ஆறியது, ஆனால் சிலருக்கு உடம்பு வீங்கியது.

நம் வீட்டிலும் அதுதான் நடந்தது. இருமலுக்கென்று ஆரம்பித்த கஷாயத்தை, இருமல் போன பிறகும் பாட்டி விடவில்லை. இரண்டு மாதம், இரண்டு வேளை. ஒருநாள் மெட்டியைக் கழற்ற முடியவில்லை. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டபோது கஷாயத்தை நாங்கள் யாருமே சொல்லவில்லை. அது மருந்துக் கணக்கிலேயே வரவில்லை, பார்! நிறுத்திய சில வாரங்களில் வீக்கம் வடிந்தது.

எதிர்த்திசையில் இழுப்பவையும் உண்டு. கடற்கரைச் சாலையில் நீ குடித்த இளநீரில் பொட்டாசியம் நிறைய. அது உள்ளே வந்ததும் சிறுநீரகம் ஒரு மடையைத் தளர்த்தி உப்பைக் கூடுதலாக வெளியே விடும். வாழைத்தண்டிலும் பொட்டாசியம் உண்டு. ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பையே குலைக்கும். அவர்களுக்கு இளநீர் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

லீவுக்கு வா, முட்டுக்காட்டுக் காயலோரம் உமரி காட்டுகிறேன். ஓர் இலையைக் கடித்தால் உப்புக் கரிக்கும். சிறுநீரகம் இல்லாத செடி, வேறென்ன செய்யும்? உப்பை இலையிலேயே பூட்டி வைத்துக்கொள்கிறது.

பாட்டி காபி கேட்கிறார். காபியும் உப்பைக் கொஞ்சம் வெளியே தள்ளும். அவரிடம் சொல்லிவிடாதே, இன்னொரு டம்ளர் கேட்பார்.

அன்புடன்,
மாமா